செவிக்குரிய சொல்லும் சொல்வோன் உரிமையும்: ஒலிபரப்பாளர் எட்வர்டு ஆர். மர்ரோவின் வாழ்வும் பணியும் (1908–1965)

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ஒலிபரப்பாளர் எட்வர்டு ஆர். மர்ரோ வானொலிச் செய்திக்குத் தனித்ததொரு சொல்முறையை வகுத்தவர். பின்னர்த் தொலைக்காட்சியில் அரசியல் விமர்சனத்துக்கு இடம் தேடித் தந்தவர். இவருடைய பணி வாழ்வு வானொலி, தொலைக்காட்சி, அரசுப் பதவி என மூன்று கட்டங்களைக் கொண்டது. கேட்போரிடம் இவர் பெற்ற நம்பகத்தன்மை எவ்வாறு உருவாயிற்று என்பதையும், ஊடகத்தின் உடைமை பிறரிடம் இருக்கையில் அந்நம்பகத்தன்மை எவ்வெல்லைவரை செயல்பட இயன்றது என்பதையும் இக்கட்டுரை அவருடைய வாழ்க்கை நிகழ்வுகளின் வழி ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வானொலி, தொலைக்காட்சி, சொல்முறை, நேர்சாட்சி, தணிக்கை, விளம்பரதாரர், நம்பகத்தன்மை.

முன்னுரை

திருக்குறள் கேள்வி, சொல்வன்மை, அவையறிதல் ஆகியவற்றைத் தனித்தனி அதிகாரங்களாக வகுத்துள்ளது. சொல்வோன், கேட்போன், அவை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை என்னும் கருத்து இவ்வகைப்பாட்டில் புலப்படுகிறது. அவையின் தன்மையை அறிந்து பேசுவோனே சொல்வன்மை உடையவன் என்பது மரபு. இருபதாம் நூற்றாண்டில் பரவிய வானொலி இவ்வுறவில் ஒரு மாற்றத்தை ஏற்படுத்தியது. பேசுவோன் தன் அவையைக் காண இயலாத நிலை தோன்றியது. கேட்போர் முகம் காணாமல் குரலை மட்டுமே கொண்டு சொல்லின் வாய்மையை மதிப்பிட வேண்டியவராயினர்.

இப்புதிய நிலையில் ஒலிபரப்பாளனின் மொழி எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு நடைமுறையில் விடை கண்டோருள் முதன்மையானவர் எட்வர்டு ஆர். மர்ரோ. 1938ஆம் ஆண்டு மார்ச் 13 அன்று அவர் முதன்முதலாகச் செய்தியாளராக ஒலிவாங்கியின் முன் பேசினார். அவ்வாண்டு ஜூன் 16 அன்றுதான் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பெற்றது. மர்ரோ இலண்டனிலிருந்து பேசிவந்த 1941ஆம் ஆண்டிலேயே பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பும் அந்நகரிலிருந்து தொடங்கியது. எனவே அவருடைய பணி, தமிழ் வானொலி மொழி உருப்பெறத் தொடங்கிய காலத்தோடு ஒத்த காலத்தது. மேடைத்தமிழும் எழுத்துத்தமிழும் வானொலித்தமிழாக மாறிய வரலாற்றை ஆராய்வோர்க்கு இவ்வாழ்க்கை ஓர் ஒப்பீட்டுச் சான்றாக அமையும்.

1. இளமையும் பேச்சுக் கல்வியும்

மர்ரோ 1908ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோவை அடுத்த போல்கேட் கிரீக் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எக்பர்ட் ராஸ்கோ மர்ரோ. அவர்கள் குவேக்கர் சமயப் பிரிவைச் சார்ந்த உழவர் குடும்பத்தினர். மர்ரோவுக்கு ஏறத்தாழ ஆறு வயதானபோது குடும்பம் நாட்டின் மறுகோடியில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தின் பிளான்சர்டு என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு அவருடைய தந்தை, வெட்டுமரங்களை ஏற்றிச் செல்லும் இரயில் பாதையில் பணியாற்றினார். மர்ரோவும் விடுமுறைக் காலங்களில் மரம் வெட்டுவோருடன் சேர்ந்து உழைத்தார். எக்பர்ட் என்னும் பெயரை எட்வர்டு என அவர் மாற்றிக்கொண்டது மாணவப் பருவத்தில்தான்.

புல்மன் நகரில் இருந்த வாஷிங்டன் மாநிலக் கல்லூரியில் பேச்சுக்கலையைப் பாடமாகப் பயின்று 1930இல் பட்டம் பெற்றார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஐடா லூ ஆண்டர்சன். இளம்பிள்ளை வாதத்தால் உடல் நலிந்திருந்த அவ்வம்மையார் குரலின் ஏற்ற இறக்கம், நிறுத்தம், உச்சரிப்பு ஆகியவற்றை நுட்பமாகக் கற்பித்தவர். மர்ரோ போர்க்காலத்தில் இலண்டனிலிருந்து பேசியபோதும் அவர் வானொலியில் அவற்றைக் கேட்டுத் திருத்தங்களை எழுதி அனுப்பினார். ஒலிபரப்பின் தொடக்கச் சொல்லை அழுத்தி உரைத்துச் சற்றே நிறுத்தி, அதன்பின் நகரின் பெயரைச் சொல்லும் முறை அவருடைய அறிவுரையால் அமைந்ததாகும். மர்ரோவின் அடையாளமாகவே பிற்காலத்தில் கருதப்பட்ட அந்த இடைநிறுத்தம் ஒரு வகுப்பறைப் பயிற்சியின் விளைவு என்பது குறிப்பிடத்தக்கது.

கல்லூரிக் காலத்தில் மர்ரோ அமெரிக்க தேசிய மாணவர் கூட்டமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1930இல் அட்லாண்டா நகரில் நடைபெற்ற அதன் மாநாட்டில் கறுப்பின மாணவப் பிரதிநிதிகளும் வெள்ளையரோடு ஒரே அரங்கில் அமர ஏற்பாடு செய்தார். இனப்பிரிவினை சட்டமாகவும் வழக்கமாகவும் நிலவிய தென்மாநிலம் ஒன்றில் அன்று இஃது எளிய செயலன்று.

2. அடைக்கலம் தேடிய அறிஞர்கள்

1932இல் நியூயார்க்கின் பன்னாட்டுக் கல்வி நிறுவனத்தில் ஸ்டீபன் டக்கன் என்பாருக்கு உதவி இயக்குநராக மர்ரோ அமர்ந்தார். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத அறிஞர்களும் அரசியல் மாறுபாடு கொண்ட பேராசிரியர்களும் பல்கலைக்கழகங்களிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இடம் தேடித் தருவதற்காக ஓர் அவசர உதவிக்குழு அமைக்கப்பட்டது. மர்ரோ அதன் உதவிச் செயலராகப் பணியாற்றினார். இறையியலறிஞர் பால் டில்லிக் முதலிய பலர் இக்குழுவின் உதவி பெற்றவர்கள்.

இப்பணி இருவகையில் அவருடைய பிற்கால வாழ்வைப் பாதித்தது. அச்சத்தால் ஆளப்படும் ஒரு நாட்டில் கல்வியாளர்கள் எவ்வாறு ஒருவர்பின் ஒருவராக வாயடைக்கப்படுவர் என்பதைக் கடிதங்கள் வழியாகவும் மனுக்கள் வழியாகவும் அவர் அணுகி அறிந்தார். மேலும், அந்நிறுவனம் மாஸ்கோவில் நடத்திய கோடைக்காலக் கல்வித் திட்டம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர்மீதே குற்றச்சாட்டாகத் திருப்பப்பட்டது. 1934இல் ஜேனட் புரூஸ்டரை அவர் மணந்தார். இவர்களுடைய ஒரே மகன் கேசி 1945இல் பிறந்தார்.

3. வியன்னாவிலிருந்து முதற்குரல்

1935இல் சி.பி.எஸ். என்னும் கொலம்பியா ஒலிபரப்பு நிறுவனத்தில் உரைநிகழ்ச்சிகளின் இயக்குநராகச் சேர்ந்த மர்ரோ 1937இல் அதன் ஐரோப்பியப் பொறுப்பாளராக இலண்டனுக்கு அனுப்பப்பட்டார். அப்பதவி செய்தியாளர் பதவியன்று. அரசியல் தலைவர்களையும் அறிஞர்களையும் அழைத்துப் பேசச் செய்வதும், இசைக்குழுக்களின் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்வதுமே பணி. இலண்டனில் இயங்கிய அமெரிக்க அயல்நாட்டுச் செய்தியாளர் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. அச்சங்கத்துக்கே பின்னாளில் அவர் தலைவரானார். பத்திரிகையாளர் வில்லியம் ஷைரரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டபோதும், இருவரும் தாமே ஒலிவாங்கியில் பேசுவதை நிறுவனம் விரும்பவில்லை.

1938 மார்ச்சில் ஜெர்மானியப் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது இந்நிலை மாறியது. அப்போது மர்ரோ போலந்தில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டில் இருந்தார். ஷைரர் வியன்னாவில் இருந்தார். வியன்னா நிலையம் ஜெர்மானியர் வசமானதால் தணிக்கையின்றிப் பேச ஷைரர் இலண்டனுக்குப் பறந்தார். அவருடைய இடத்தை நிரப்ப மர்ரோ பெர்லின் சென்று, ஒரு பயணியர் விமானத்தை முழுமையாக வாடகைக்கு அமர்த்தி, அதில் தாம் ஒருவர் மட்டுமே பயணியாக வியன்னாவை அடைந்தார். அமெரிக்க நேரப்படி மார்ச் 13 இரவு பல ஐரோப்பியத் தலைநகரங்களைச் சிற்றலை வழியே ஒரே நிகழ்ச்சியில் இணைத்து ஒலிபரப்பியது சி.பி.எஸ். வெவ்வேறு நகரங்களில் உள்ள செய்தியாளர்கள் அடுத்தடுத்துப் பேசும் இன்றைய செய்தி நிகழ்ச்சிகளின் முன்மாதிரி இதுவே.

அன்றைய தொழில்நுட்பச் சூழலில் இஃது ஓர் அரிய செயல். ஒலிப்பதிவுகளைச் செய்தியில் பயன்படுத்துவதில்லை என்பது அமெரிக்க வானொலி நிறுவனங்களின் அக்கால விதி. எனவே ஒவ்வொரு நகரிலும் பேசுவோர், நொடி பிசகாமல் தமக்குரிய நேரத்தில் நேரலையில் பேச வேண்டியிருந்தது. வியன்னாவிலிருந்து மர்ரோ பேசியது வெற்றி ஊர்வலத்தைப் பற்றி மட்டுமன்று. நகர மக்களின் நடத்தையில் கண்ட மாற்றங்களைப் பற்றியும் பேசினார். பேரரசியல் நிகழ்வைத் தெருவில் கண்ட சிறு செயல்களின் வழி உணர்த்தும் அவருடைய முறை முதல் ஒலிபரப்பிலேயே தோன்றிவிட்டது.

4. இலண்டன் இரவுகள்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. 1940 செப்டம்பர் 7 முதல் ஜெர்மானிய விமானங்கள் இலண்டன்மீது தொடர்ந்து 57 இரவுகள் குண்டு வீசின. அமெரிக்கா அப்போது போரில் இல்லை. ஐரோப்பியச் சண்டையில் தலையிடலாகாது என்னும் எண்ணம் அந்நாட்டில் வலுவாக இருந்தது. கடலுக்கு அப்பால் அமைதியாக இரவு உணவு உண்ணும் குடும்பங்களுக்கு எரியும் நகரத்தை உணர்த்த வேண்டிய பணி மர்ரோவுக்கு வாய்த்தது.

அவர் கையாண்ட சொல்முறையில் நான்கு கூறுகளைக் காணலாம். முதலாவது, வாய்மொழி ஆக்கம். அவர் தம் உரைகளைப் பெரும்பாலும் தாமே எழுதுவதில்லை. செயலரிடம் வாய்விட்டுச் சொல்லி எழுதுவித்தார். செவிக்குச் செல்லும் சொல் வாயில் பிறக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இதனால் தொடர்கள் சுருங்கின, அடைமொழிகள் குறைந்தன. இரண்டாவது, நேர்சாட்சி. தாம் கண்டதையும் பிறர்வழி அறிந்ததையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். மூன்றாவது, எளிய மாந்தரை முன்னிறுத்தல். தலைவர்களின் அறிக்கைகளைவிடக் கடைக்காரர், தீயணைப்போர், காவலர், உடைந்த கண்ணாடியைக் கூட்டித் தள்ளும் பெண் ஆகியோர் அவருடைய உரைகளில் மிகுதியாக இடம்பெற்றனர். நான்காவது, உணர்ச்சி அடக்கம். நிகழ்வு கொடியதாகும்தோறும் அவருடைய குரல் தணிந்தது.

சொல் மட்டுமன்றி ஒலியையும் அவர் செய்தியாக்கினார். 1940 ஆகஸ்டு 24 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் தூய மார்ட்டின் தேவாலயப் படிகளில் நின்று நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். அப்போது வான்தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஒலித்தது. மர்ரோ ஒலிவாங்கியை நடைபாதையை நோக்கித் தாழ்த்தி, இருட்டில் புகலிடம் நோக்கிச் செல்வோரின் காலடி ஓசையைக் கேட்கச் செய்தார். எவரும் ஓடவில்லை என்பதை அவ்வோசையே உணர்த்தியது. மக்களின் மன உறுதியைப் பற்றி நெடிய விளக்கம் தேவைப்படவில்லை.

தாக்குதல் நடக்கும்போதே கூரையின்மேல் நின்று பேச அவர் அனுமதி கோரினார். எதிரிக்குத் தகவல் கிடைத்துவிடும் என அதிகாரிகள் முதலில் மறுத்தனர். அரங்கிலிருந்து பேசும் உரை முன்னரே எழுதித் தணிக்கையாளரின் ஒப்புதல் பெற்றது. கூரையின்மேல் நின்று கண்டதைக் கண்டவாறே சொல்வதற்கு முன்தணிக்கை இயலாது. சோதனை ஒலிப்பதிவுகள் செய்து காட்டி, பாதுகாப்புக்கு ஊறு நேராது என மெய்ப்பித்த பின்னரே 1940 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. தணிக்கையின் பிடியிலும் சொல்வோனின் தன்னடக்கம் நம்பிக்கையை ஈட்டித் தரும் என்பதற்கு இந்நிகழ்வு சான்று. அக்டோபர் 15 அன்று பி.பி.சி. கட்டடம் குண்டுக்கு இலக்காகி எழுவர் இறந்தனர். மர்ரோவின் அலுவலகமும் ஒருமுறைக்கு மேல் சிதைந்தது.

மறுநாள் காலையில் மீண்டும் சந்திப்போமா என்னும் உறுதியின்றி இலண்டன் மக்கள் இரவில் பிரியும்போது ஒருவருக்கொருவர் நல்வாய்ப்பு வேண்டி விடைபெறுவது அந்நாள்களின் வழக்கம். அவ்வழக்கத்தையே மர்ரோ தம் உரையின் முடிப்பாக அமைத்துக்கொண்டார். பின்னர்த் தொலைக்காட்சியிலும் அதையே தொடர்ந்தார்.

ஐரோப்பா முழுவதும் செய்தி திரட்ட அவர் திரட்டிய குழுவும் வரலாற்றில் இடம்பெற்றது. எரிக் செவரெய்டு, சார்லஸ் காலிங்வுட், ஹோவார்டு கே. ஸ்மித், லாரி லெசூயர், மேரி மார்வின் பிரெக்கின்ரிட்ஜ் முதலியோர் அதில் இருந்தனர். குரல் இனிமையைவிடச் சிந்தனைத் தெளிவையே அவர் தகுதியாகக் கொண்டார். கட்டமைந்த அறிவிப்பாளர் குரலை எதிர்பார்த்த நிறுவனத்துக்கும் அவருக்கும் இதில் கருத்து வேறுபாடு இருந்தது.

5. வானிலும் வதைமுகாமிலும்

1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோது மர்ரோ வாஷிங்டனில் இருந்தார். அன்றிரவு அதிபர் ரூசுவெல்டைச் சந்திக்கும் வாய்ப்புப் பெற்று, சேதத்தின் முழு அளவையும் அவர் வாயிலாகவே அறிந்தார். எனினும் அதைச் செய்தியாக வெளியிடவில்லை. நம்பிச் சொல்லப்பட்டதைச் சொல்லாமல் விடுவதா, மக்கள் அறிய வேண்டியதைச் சொல்வதா என்னும் சிக்கல் அன்றே அவர்முன் எழுந்தது.

நிறுவனத்தின் விருப்பத்துக்கு மாறாக அவர் போர்விமானங்களில் ஏறத்தாழ 25 முறை பறந்தார். 1943 டிசம்பர் 2 இரவு பெர்லின் மீது குண்டு வீசிய லங்காஸ்டர் வகை விமானம் ஒன்றில் சென்று திரும்பி, மறுநாள் அவ்வனுபவத்தை ஒலிபரப்பினார். அன்றிரவு வேறு விமானங்களில் சென்ற செய்தியாளருள் நார்வே நாட்டுக் கவிஞர் நோர்டால் கிரீக் உட்பட இருவர் உயிரிழந்தனர், மற்றொருவர் சிறைப்பட்டார். இலண்டனில் குண்டுக்கு அடியில் நின்று பேசியவர் இப்போது குண்டு வீசும் விமானத்திலிருந்து கீழே எரியும் நகரத்தைக் கண்டார். தம் தரப்பின் வெற்றி என்று கொண்டாடும் தொனி அவ்வுரையில் இல்லை. கீழே இருப்போரும் மனிதர்களே என்னும் உணர்வு அதில் ஊடாடியது. தாக்குதலுக்கு உள்ளாவோரின் நிலையை முன்பே அறிந்தவர் என்பதால் இவ்வுரைக்குத் தனி மதிப்பு உண்டு.

1945 ஏப்ரல் 12 அன்று வைமர் நகரை அடுத்த புக்கன்வால்டு வதைமுகாமுக்குள் சென்றார். முந்தைய நாள்தான் அம்முகாம் விடுவிக்கப்பட்டிருந்தது. அடுக்கப்பட்டிருந்த பிணங்களையும், கையில் எண் பச்சை குத்தப்பட்ட சிறுவர்களையும், கைதட்டக்கூட வலுவற்றிருந்த கைதிகளையும் கண்டார். உடனே பேச இயலாமல் மூன்று நாள்கள் கழித்து ஏப்ரல் 15 அன்றே ஒலிபரப்பினார். அவ்வுரை பெரும்பாலும் எண்களாலும் இடக்குறிப்புகளாலும் சிறு விவரங்களாலும் ஆனது. கண்டவற்றில் ஒரு பகுதியை மட்டுமே சொன்னதாகவும், எஞ்சியவற்றுக்குத் தம்மிடம் சொற்கள் இல்லை என்றும் அவர் கேட்போரிடம் தெரிவித்தார். நேர்சாட்சி என்னும் முறையின் வலிமையும் அதன் எல்லையும் ஒருங்கே வெளிப்பட்ட உரை இது.

6. தொலைக்காட்சிக்கு மாற்றம்

போருக்குப் பின் நிறுவனத்தின் துணைத்தலைவராக்கப்பட்ட மர்ரோ நிர்வாகப் பணியில் நிறைவு காணவில்லை. பதவியை விட்டு விலகி 1947 செப்டம்பரில் வானொலிச் செய்திக்குத் திரும்பினார். அவ்வாண்டிலேயே விளம்பரதாரர் விலகியதை ஒட்டி எழுந்த பிணக்கால் ஷைரர் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். பழைய நண்பர்களிடையே விழுந்த அப்பிளவு முழுமையாக ஆறவில்லை. யாருடைய பணத்தில் ஒருவர் குரல் ஒலிக்கிறது என்னும் வினா அவர் வாழ்வில் வெளிப்படையாக எழுந்தது இங்குதான்.

தயாரிப்பாளர் பிரெட் பிரண்ட்லியுடன் இணைந்து, இப்போது பாருங்கள் எனப் பொருள்படும் 'சீ இட் நவ்' என்னும் தொலைக்காட்சித் தொடரை 1951 நவம்பர் 18 அன்று தொடங்கினார். முதல் நிகழ்ச்சியில் அட்லாண்டிக், பசிபிக் ஆகிய இரு கடற்கரைகளின் காட்சிகளும் ஒரே வேளையில் நேரலையாகத் திரையில் காட்டப்பட்டன. ஒலிவாங்கியை நடைபாதையில் வைத்தவர் படக்கருவியையும் அவ்வாறே பயன்படுத்த முற்பட்டார். 1952இல் கொரியப் போர்முனையில் கிறிஸ்துமஸ் கழித்த படைவீரர்களைக் காட்டியபோது தளபதிகளைவிடச் சாதாரண வீரர்களே திரையை நிரப்பினர்.

1953 முதல் 1959 வரை புகழ்பெற்றோரை அவர்தம் இல்லங்களில் நேர்காணும் 'பெர்சன் டு பெர்சன்' என்னும் பொழுதுபோக்கு நிகழ்ச்சியையும் நடத்தினார். திரைக்கலைஞர்களின் வரவேற்பறைகளைக் காட்டிய அந்நிகழ்ச்சிக்கு மிகப்பெரும் கூட்டம் இருந்தது. இருவேறு மர்ரோக்கள் இருப்பதாகத் திறனாய்வாளர் எள்ளினர். ஆயினும் ஒன்று ஈட்டித் தந்த செல்வாக்கே மற்றொன்று நீடிக்கத் துணைபுரிந்தது.

7. அச்சத்துக்கு எதிரான குரல்

1950 பிப்ரவரியில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி அரசுத்துறையில் பொதுவுடைமையர் ஊடுருவியுள்ளனர் என்று குற்றஞ்சாட்டியதை அடுத்து அமெரிக்காவில் சந்தேகச் சூழல் தடித்தது. சி.பி.எஸ். தன் பணியாளரிடம் அரசுப்பற்று உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பம் கேட்டது. மர்ரோவும் கையொப்பமிட்டார். அவருடைய எதிர்ப்பு உடனடியாக எழவில்லை. அவருக்கு முன்பே செய்தித்தாள் எழுத்தாளரும் கருத்துப்பட ஓவியரும் மெக்கார்த்தியை எதிர்த்திருந்தனர். இதை மறைத்து அவரைத் தனிவீரராகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

1953 அக்டோபர் 20 அன்று மைலோ ரடுலோவிச் என்னும் விமானப்படை அதிகாரியின் வழக்கை 'சீ இட் நவ்' எடுத்துக்கொண்டது. தந்தையும் தமக்கையும் கொண்டிருந்ததாகக் கூறப்பட்ட அரசியல் சார்பைக் காரணம் காட்டி அவரைப் படையிலிருந்து நீக்க முடிவு செய்யப்பட்டிருந்தது. குற்றச்சாட்டின் சான்று மூடிய உறையில் இருந்தது, உறை திறக்கப்படவில்லை. நிறுவனம் இந்நிகழ்ச்சிக்கு விளம்பரம் செய்ய மறுத்ததால் மர்ரோவும் பிரண்ட்லியும் தம் சொந்தப் பணம் 1,500 டாலரைச் செலவிட்டு நாளிதழில் விளம்பரம் கொடுத்தனர். ஐந்து வாரங்களுக்குப் பின் ரடுலோவிச் பணியில் நீடிப்பார் என விமானப்படைச் செயலர் அறிவித்தார்.

1954 மார்ச் 9 அன்று மெக்கார்த்தியைப் பற்றிய நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அதன் அமைப்பு கருதத்தக்கது. மெக்கார்த்தியின் உரைகளும் விசாரணைக் காட்சிகளுமே அதன் பெரும்பகுதி. அவருடைய கூற்றை அவருடைய மற்றொரு கூற்றாலும் ஆவணங்களாலும் மர்ரோ மறுத்தார். இறுதியில் மட்டும் தம் கருத்தை நேரடியாகச் சொன்னார். குற்றச்சாட்டும் மெய்ப்பும் வேறானவை என்பதையும், அச்சத்தைத் தோற்றுவித்தவர் ஒருவரே அல்லர், அதற்கு இடமளித்த சமூகத்துக்கும் பொறுப்புண்டு என்பதையும் வலியுறுத்தினார். வந்த தொலைபேசி அழைப்புகளிலும் தந்திகளிலும் பெரும்பான்மை அவரை ஆதரித்தன.

ஏப்ரல் 6 அன்று மறுப்புரைக்கு மெக்கார்த்திக்கு அதே நேரம் வழங்கப்பட்டது. அவர் 1930களின் மாஸ்கோ கல்வித் திட்டத்தைச் சுட்டி மர்ரோவைப் பொதுவுடைமைச் சார்பினர் என்றார். அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று செனட் அவை 67க்கு 22 என்னும் வாக்குகளில் மெக்கார்த்தியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இடையில் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட இராணுவ விசாரணைகளே அவர் வீழ்ச்சிக்குப் பெருங்காரணம். மர்ரோவின் நிகழ்ச்சி மக்கள் பேசத் தயங்கியதைப் பொது அவையில் பேசத்தக்கதாக்கியது. அதன் பங்கு அவ்வளவில் அமைகிறது.

8. உடைமையும் உரிமையும்

வெற்றியின் விலை மெல்ல வெளிப்பட்டது. 1955இல் அலுமினிய நிறுவனமாகிய அல்கோவா 'சீ இட் நவ்' தொடரின் விளம்பர ஆதரவை விலக்கிக்கொண்டது. அவ்வாண்டு ஜூன் 7 அன்று பெரும்பணப் பரிசு வழங்கும் வினாவிடை நிகழ்ச்சி ஒன்று அதே இரவில் மர்ரோவின் நிகழ்ச்சிக்கு முன்னதாகத் தொடங்கியது. அதற்குக் கிடைத்த வரவேற்பு ஒளிபரப்பு நேரத்தின் சந்தை மதிப்பை உயர்த்தியது. வாரந்தோறும் வந்த 'சீ இட் நவ்' இடைவிட்டு வரும் சிறப்பு நிகழ்ச்சியாகச் சுருங்கி, 1958இல் நின்றது. அவ்வாண்டு அவர் தொடங்கிய 'ஸ்மால் வேர்ல்டு' என்னும் உரையாடல் தொடரின் முதல் நிகழ்ச்சியில் இந்தியப் பிரதமர் நேரு, எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி, அமெரிக்க அரசியலாளர் தாமஸ் டூயி ஆகியோர் வெவ்வேறு நாடுகளிலிருந்து ஒருவரோடொருவர் உரையாடினர்.

1958 அக்டோபர் 15 அன்று சிகாகோவில் ஒலிபரப்புச் செய்தி இயக்குநர்களின் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரை தம் துறையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. தொலைக்காட்சி மக்களை உலக நடப்பிலிருந்து மறைத்து வைக்கிறது என்றும், கருவி தானாக எதையும் கற்பிக்காது, அதைக் கையாளும் மனிதரின் உறுதியே அதைக் கல்விக் கருவியாக்கும் என்றும் எடுத்துரைத்தார். நிறுவனத் தலைமையுடன் அவருக்கிருந்த உறவு இதன்பின் சீராகவில்லை.

அவருடைய கடைசிப் பெரும்பணி 1960 நவம்பர் 25 அன்று ஒளிபரப்பான 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்' என்னும் ஆவணப்படம். பயிர் விளையும் இடம்தோறும் குடும்பத்துடன் அலைந்து அறுவடை செய்யும் கூலித் தொழிலாளரின் வாழ்நிலையை அது காட்டியது. நன்றி நவிலும் திருநாளின் மறுநாள், விருந்துண்ட மக்கள் முன்னிலையில் அவ்விருந்தை விளைவித்தோரின் பசி வைக்கப்பட்டது.

9. அரசின் பக்கம்

1961இல் அதிபர் கென்னடி மர்ரோவை அமெரிக்கத் தகவல் முகமையின் இயக்குநராக்கினார். அயல்நாடுகளில் அமெரிக்காவைப் பற்றிய நன்மதிப்பை வளர்ப்பது அம்முகமையின் பணி. உண்மையே சிறந்த பரப்புரை, நம்பப்பட வேண்டுமாயின் நம்பத்தக்கவராக இருத்தல் வேண்டும் என்பதே அவர் அங்கும் வலியுறுத்திய கொள்கை. ஆயின் பதவியேற்ற சில வாரங்களிலேயே பி.பி.சி. 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்' படத்தை ஒளிபரப்ப இருப்பதை அறிந்து, அதை நிறுத்துமாறு தனிப்பட்ட முறையில் வேண்டினார். பி.பி.சி. அவ்வேண்டுகோளை ஏற்கவில்லை. செய்தி வெளிப்பட்டதும் அமெரிக்க இதழ்கள் அவரைக் கடிந்தன.

தணிக்கையாளருடனும் விளம்பரதாரருடனும் போராடி ஈட்டிய குரலைத் தாமே அடக்க முயன்ற இந்நிகழ்வை அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சிறு சறுக்கலாகக் கருதிக் கடந்துவிட இயலாது. ஒருவர் எந்த இருக்கையில் அமர்ந்திருக்கிறார் என்பது அவருடைய சொல்லின் திசையை எவ்வளவு எளிதில் மாற்றும் என்பதை இது காட்டுகிறது. அவ்வாண்டு ஏப்ரலில் கியூபா மீதான படையெடுப்புத் திட்டமும் அவருக்கு முறையாக முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை. சொல்ல வேண்டியவரே அறியாத நிலையில் உண்மையைச் சொல்லும் கொள்கை பயனற்றுப் போயிற்று.

மர்ரோ வாழ்நாள் முழுவதும் இடைவிடாது புகைத்தவர். திரையிலும் சிகரெட்டுடனேயே தோன்றியவர். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1955இல் தொலைக்காட்சியில் இரு நிகழ்ச்சிகள் வழங்கியவரும் அவரே. 1963இல் அந்நோயினால் அவருடைய நுரையீரல் ஒன்று அகற்றப்பட்டது. 1964 ஜனவரியில் பதவி விலகினார். அவ்வாண்டு அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கமும், அடுத்த ஆண்டு பிரித்தானிய அரசின் மதிப்புறு வீரத்திருப் பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டன. 1965 ஏப்ரல் 27 அன்று, 57 வயது நிறைந்த இரண்டாம் நாள், நியூயார்க் மாநிலத்துப் பாலிங் ஊரில் இருந்த தம் பண்ணை வீட்டில் காலமானார்.

முடிவுரை

மர்ரோவின் வாழ்வை ஆராய்வதால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

காணாத அவைக்குப் பேசுவோன் பெறும் நம்பகத்தன்மை குரல்வளத்தால் மட்டும் அமைவதன்று. கண்டதையும் கேட்டதையும் பிரித்துரைத்தல், வாய்மொழிக்குரிய எளிய தொடரமைப்பு, உணர்ச்சி அடக்கம், அறிந்தவற்றின் எல்லையை ஒப்புக்கொள்ளல் ஆகியவற்றால் அது படிப்படியாக ஈட்டப்படுகிறது.

வானொலியில் அவர் கண்ட முறை தொலைக்காட்சியில் மாறவில்லை. காலடி ஓசையைக் கேட்கச் செய்ததும், மெக்கார்த்தியின் கூற்றுகளை அவருடைய திரைக்காட்சிகளாலேயே மறுத்ததும் ஒரே கொள்கையின் இருவேறு வடிவங்கள்.

நம்பகத்தன்மை சொல்வோனுக்குரியது; ஊடகமோ அரசுக்கோ நிறுவனத்துக்கோ உரியது. போர்க்காலத் தணிக்கையோடு அவரால் இணங்கிச் செல்ல முடிந்தது. ஏனெனில் அங்குச் சொல்வோனுக்கும் தணிப்போனுக்கும் பொதுநோக்கு ஒன்று இருந்தது. வணிகத்துடன் அத்தகைய இணக்கம் நீடிக்கவில்லை. அரசுப் பதவியிலோ முரண்பாடு அவருக்குள்ளேயே நிகழ்ந்தது.

தமிழில் வானொலி, தொலைக்காட்சிச் செய்திமொழி பற்றிய ஆய்வுகள் சொல்லாட்சி, ஒலிப்பு, கலைச்சொல்லாக்கம் ஆகியவற்றில் மிகுந்த கவனம் செலுத்துகின்றன. அவற்றோடு, சொல்வோன் எவ்விடத்திலிருந்து, எவருடைய உடைமையாகிய கருவியின் வழியாகப் பேசுகிறான் என்னும் வினாவையும் இணைத்தே ஊடகமொழியை மதிப்பிட வேண்டும் என்பதை மர்ரோவின் வாழ்வு உணர்த்துகிறது.